கோட்டில் விழுந்த ஓட்டை

அந்த டிரை கிளீனிங் கடையில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. வீட்டில் வைத்த அந்தப் பெயரை யாரும் எடுத்துப் பயன்படுத்தியதில்லை. 'பூதக்கண்ணாடி' என்பார்கள். அவசரத்தில் 'பூதம்' என்று சுருக்கிக்கொள்வார்கள். இது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் உறவு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போக அங்கே ஏற்கனவே எதுவும் மிச்சமில்லை.

துணி வாங்கிக் கொடுக்கும் கவுன்டர் அவளுடையது. நீங்கள் துணியை நீட்டினால் அவள் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டாள். காலரைப் புரட்டுவாள். அக்குளைப் பிரிப்பாள். பாக்கெட்டுக்குள் விரலை விட்டுக் குடைவாள். பிறகு தலை நிமிராமல், "இது என்ன கறை?" என்று விசாரணைக் கைதியைக் கேட்பதுபோலக் கேட்பாள். குழம்போ, எண்ணெயோ, வேறு எதுவோ, அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. சிலர் எதிர்ப்பக்கம் நின்று, அவள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து வந்து துணியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

கல்யாணமாகிப் போன வேகத்திலேயே திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று கேட்டால், "அங்கே எல்லாரும் பொய் சொன்னாங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அண்ணன் வீட்டில் அண்ணனோடும் அண்ணியோடும் இருந்தாள். மூவருக்கும் அதே கடையில்தான் வேலை. அண்ணன் உள்ளே இஸ்திரி மேசையில். அண்ணி பின்கட்டில் பேக்கிங் மேசையில். இவள் முன்னால். காலையில் ஒரே பஸ்ஸில் வெவ்வேறு சீட்டில் உட்கார்ந்து போவார்கள்.

மைக்ராஸ்கோப் ஒன்றை அவள் தன் காசில் வாங்கினாள். மார்க்கர் பேனா மாதிரி, அதைவிடக் கொஞ்சம் தடிமனாக, ஒரு பக்கம் வயர் தொங்கும் பொருள். மூக்கு முனையில் குட்டிக் குட்டி வெள்ளை விளக்குகள் வட்டமாக எரியும். வயரை கம்ப்யூட்டரில் செருகி, மூக்கைத் துணிமேல் வைத்து, நடுவில் இருக்கும் வளையத்தை மெல்லத் திருகினால், நூல் திரையில் தேர்வடம்போல எழுந்து நிற்கும். பழைய நாணயங்களைச் சேர்ப்பவர்கள் வாங்குவது அது. அவள் வாங்கியது சண்டைக்கு.

கடையில் வைத்துக்கொள்ள முதலாளி விடவில்லை. "வர்றவங்க மேல லைட் அடிச்சுப் பார்க்கறதுக்கு இது என்ன ஆஸ்பத்திரியா?" என்றார். ஆகவே தகராறு வந்த துணியெல்லாம் பையில் வீட்டுக்கு வந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், ஃப்ரிட்ஜ் ஓரமாக. அது அண்ணனுடையது. மௌஸும் கீபோர்டும் போக, வயர் செருக ஒரே ஓர் ஓட்டைதான் உயிரோடு இருந்தது. அதில் அண்ணன் ஸ்பீக்கரைச் செருகியிருப்பான். அவள் வந்ததும் பாட்டுப் பாதியில் நிற்கும்.

"கேட்டுட்டுப் பிடுங்கக் கூடாதா?"

"கேட்டா விடுவியா?"

"விடமாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேட்கணும்?"

முதல் வாரம் முழுக்கப் படம் நடுங்கியது. கை லேசாக அசைந்தாலும் திரையில் நிலநடுக்கம். மூக்குக்கு மேலேயே படம் பிடிக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் அமுக்கிய அதிர்விலேயே எல்லாம் மங்கிவிடும். பிறகு அவளே வழி கண்டுபிடித்தாள். முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, படத்தை இடக்கையால் மௌஸில் எடுப்பாள். கறுப்புத் துணி என்றால் அடியில் வெள்ளைத் தாள் வைப்பாள். பளபளப்பான துணி என்றால் விளக்கைக் குறைப்பாள். அப்படி எடுத்த படத்தை போனில் ஏற்றிக்கொண்டு மறுநாள் கவுன்டரில் நிற்பாள்.

அந்தப் படத்தில் முதலில் மாட்டியவர் ஒரு வக்கீல். வெள்ளைச் சட்டையின் காலர் கறுத்துப்போய்விட்டது, உங்கள் மருந்துதான் காரணம் என்று மேசையைத் தட்டினார். மறுநாள் அவர் வந்தபோது அவள் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நூல்மேல கறுப்பா உட்கார்ந்திருக்கே, தெரியுதா சார்? உள்ளே ஊறலை. மேலதான் ஒட்டியிருக்கு."

"தெரியுது. உங்க கெமிக்கல்."

"இல்ல சார். உங்க தலைக்குப் போடற டை."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வக்கீல் சட்டையை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கத்தில் வேறு டிரை கிளீனிங் கடை இல்லாததால் மறுபடி வந்தார். ஆனால் அன்றிலிருந்து அவர் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது.

வெற்றி தலைக்கேறினால் மனிதர்கள் பாடம் நடத்த ஆரம்பிப்பார்கள். அவளும் ஆரம்பித்தாள். தட்டில் சோறு இருக்கும், திரையில் யாரோ ஒருவரின் பேன்ட் இருக்கும். "நல்லாப் பாருங்க. நூல் நுனி ஒரே சீரா வெட்டுப்பட்ட மாதிரி இருந்தா அது கத்தரி. பல்லு பதிஞ்ச மாதிரி ஏறுக்குமாறா இருந்தா பூச்சி. துடைப்பம் மாதிரி விரிஞ்சிருந்தா சும்மா தேய்ஞ்சு போனது. பாலியஸ்டர் நுனி உருகி, குண்டூசித் தலை மாதிரி உருண்டு நின்னா நெருப்பு." யாரும் கேட்கவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. கேட்காமலே எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

"சாப்பிடற இடத்துல ஊரான் அழுக்கு" என்பாள் அண்ணி, சுவரைப் பார்த்து.

"அழுக்கு வெளியில இருந்துதான் வருதுன்னு நினைச்சுட்டீங்களா அண்ணி?" என்பாள் இவள், தட்டைப் பார்த்து.

இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்வார்கள். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா?" என்று ஒருத்தி கேட்டால், அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவான்.

பகையின் காரணத்தைக் கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் சாட்சியம் மட்டும் தினமும் சேர்ந்தது. துணியில் அடையாளத்துக்கு ஒரு சீட்டைத் தைத்துவிடுவார்கள், பேக்கிங் மேசையில் அண்ணி அதைக் கத்தரியால் நறுக்கி எடுப்பாள். வேகமான கை. ஒருநாள் அந்தக் கத்தரி துணியையும் சேர்த்து நறுக்கும் என்று இவள் காத்திருந்தாள். காத்திருந்தாள் என்றால் சும்மா இல்லை. பேக்கிங் மேசையைத் தாண்டும்போதெல்லாம் கத்தரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அந்த நாள் வக்கீலின் கறுப்புக் கோட்டில் வந்தது.

முந்தைய நாள்தான் கோட்டை வாங்கிப்போயிருந்தார். மறுநாள் காலை கடை திறந்ததும் அதே பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்து கவுன்டரில் போட்டார். உறையைப் பிரிக்காமலே, விரலால் மட்டும் காட்டினார். இடது பாக்கெட்டுக்குக் கீழே, உளுந்து அளவில் ஓர் ஓட்டை.

"இதுக்கு என்ன பேரு? இதுவும் என் தலை டையா?"

"கொடுக்கும்போதே இருந்திருக்கும்."

"கொடுக்கும்போது நீதானே அம்மா பார்த்தே? ஒரு நூல் விடாம தடவித் தடவிப் பார்த்தியே. அப்போ தெரியாதது இப்போ எப்படி வந்தது? இல்லேன்னா பார்த்தேன்னு நீ சொல்றதெல்லாம் பொய்யா?"

வக்கீல் வக்கீல்தான். எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் குழி. முதலாளி உள்ளேயிருந்து ஓடிவந்து, குனிந்து பார்த்து, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, நாளை காலைக்குள் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்து அவரை அனுப்பினார். அனுப்பிவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"உன் வாயால எத்தனை பேர் போய்ட்டாங்கன்னு எனக்குத் தெரியும். நீ சொன்னா சரியா இருக்கும்னுதான் உன்னை வெச்சிருக்கேன். நாளைக்குக் காலைல அந்தாளு வருவான். தப்பு நம்மளதுன்னா, பண்ணது யாரோ அவங்க கிளம்பட்டும். யாருன்னு தெரியலையா, வாங்கி வெச்சவ நீ. நீ கிளம்பு."

"எனக்குத் தெரியும் யாருன்னு."

"எனக்கு உன் நினைப்பு வேண்டாம். உன் மெஷின் என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு வா."

கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று மாலை பஸ்ஸில் போகும்போது, முதல்முறையாக அவள் அண்ணிக்குப் பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அண்ணி சன்னல் பக்கமாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, இறங்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கரைப் பிடுங்கினாள். கோட்டை விரித்து, ஓட்டைக்கு அடியில் வெள்ளைத் தாளைச் செருகினாள். அண்ணன் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றுகொண்டிருந்தான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது.

"அண்ணி, கொஞ்சம் இங்கே வாங்க. உங்க கைவேலையைப் பெருசாப் பார்க்கலாம்."

"நான் அடுப்புல இருக்கேன்."

"அடுப்பு எங்கேயும் ஓடிடாது. வாங்க."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "என் கத்தரி அந்தக் கோட்டுல பட்டிருந்தா இந்தக் கையை நானே நறுக்கிக்கறேன்."

"அவ்வளவு எல்லாம் வேண்டாம். வேலையை விட்டா போதும்."

அவள் முழங்கையை ஊன்றினாள். மூச்சைப் பிடித்தாள். வளையத்தைத் திருகினாள். திரை முதலில் வெறும் இருட்டாக இருந்தது, பிறகு சாம்பலாக, பிறகு கறுப்புக் கயிறுகளாகப் பிரிந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு பள்ளம். பள்ளத்தின் ஓரமெங்கும் நூல்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு சின்ன உருண்டை, கறுப்பாக, மினுக்கென்று.

குண்டூசித் தலைகள்.

வளையத்தை இன்னும் கொஞ்சம் திருகினாள். ஓரத்தில் காவி நிறத்தில் ஒரு வட்டம். நூல் இடுக்குகளில் வெளிர்ச் சாம்பல், பொடிப் பொடியாக.

இஸ்திரிப்பெட்டி உளுந்து அளவுக்குச் சுடாது. அது சுட்டால் உள்ளங்கை அகலத்துக்கு மினுமினுப்பு ஏறும். துவைப்பதற்கு முன்னால் பட்ட நெருப்பு என்றால் சாம்பல் மருந்தோடு போயிருக்கும். சாம்பல் இருக்கிறது. ஆகவே துவைத்த பிறகு. வக்கீல் வீட்டில் என்று சொல்லலாம். ஆனால் உறையில் ஓட்டை இல்லை, உறை பிரிக்கப்படவே இல்லை. துவைத்த பிறகு அந்தக் கோட்டைத் தொட்ட கைகள் மூன்று. அந்த மூன்றில் சிகரெட் பிடித்த கை ஒன்று. நெஞ்சு வலி வந்தபோது விட்டுவிட்டதாகச் சொன்ன கை.

இதில் எதையும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை; சோற்றோடு சேர்த்து அவளே ஊட்டியிருந்தாள்.

அண்ணி திரையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் பெருசாக் காட்டுங்க. என் கைவேலையாச்சே."

அண்ணன் முன்னால் வந்து மௌஸைப் பிடித்தான். "அழிச்சிடு."

"படத்தை அழிக்கலாம். கோட்டை என்ன பண்ணுவே?"

"ஒரே ஒரு சிகரெட். பின்கதவுகிட்ட நின்னு. காத்துல பறந்து வந்து பட்டிருக்கு போல. நான் பார்க்கவே இல்லை."

"பார்த்தே."

அவன் உட்கார்ந்தான். அவன் பேசியபோது குரல் நிதானமாக, வீட்டுக் கணக்கு பேசுவதுபோல இருந்தது. அதுதான் மோசம்.

"இதப் பாரு. எனக்கு இந்த வயசுல வேற எங்கே வேலை கிடைக்கும்? நெஞ்சுல இது வேற. நீ கத்தரின்னு சொல்லிடு. முதலாளிக்கு இந்தப் படத்துல என்ன தெரியப்போகுது? நீ சொல்றதைத்தான் அவர் பார்ப்பார். இவ வீட்டுல இருக்கட்டும். பேக்கிங் என்ன பெரிய வேலையா? நீயும்தானே இவ அங்கே இருக்கக் கூடாதுன்னு நினைச்சே?"

பொண்டாட்டி இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவன் அவள் இருக்கும் பக்கம் திரும்பவும் இல்லை.

அண்ணி அடுப்படிக்குப் போனாள், அடுப்பை அணைத்தாள், திரும்பி வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "சொல்லட்டும்" என்றாள். "சொல்றதுன்னா சந்தோஷமாச் சொல்லுங்க. இத்தனை நாள் காத்திருந்தது வீணாப் போகக் கூடாது."

ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் கவுன்டர் நிலைக்கும், அண்ணன் வேலை நிலைக்கும், பேக்கிங் மேசையில் அந்த முகம் இருக்காது. அவள் கேட்டதெல்லாம் தட்டில் வைத்து முன்னால் நீட்டப்பட்டிருந்தது. நீட்டிய கைதான் அவளுக்கு ஆகவில்லை.

"என் மெஷினுக்கு நீ வசனம் எழுதாதே அண்ணா" என்றாள். "வாயால நீ என்ன பொய் வேணாச் சொல்லிக்கோ. இதுக்குள்ள வராதே. நாளைக்குக் காலைல நீயே போய்ச் சொல்லு."

"சொல்லலேன்னா?"

"நான் சொல்வேன்."

"சொன்னா எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்லை."

"இப்போ மட்டும் இருந்தாளா? ஒரு பொய் தேவைப்பட்டப்போதானே ஞாபகம் வந்தது."

அவன் எழுந்து மைக்ராஸ்கோப்பின் வயரைப் பிடுங்கினான். திரை கறுத்தது. ஸ்பீக்கரைச் செருகினான். பாட்டு வந்தது. யாரும் கேட்காத பாட்டு, சத்தமாக.

மறுநாள் காலை வக்கீல் கறுப்புக் கோட்டு இல்லாமல், சட்டையில் வந்தார். முதலாளி கவுன்டருக்கு உள்ளே நின்றார். பின்னால் இஸ்திரிப் பெட்டியின் நீராவிச் சத்தம் உஸ் உஸ் என்று வந்துகொண்டிருந்தது. அவள் அந்தச் சத்தம் நிற்குமா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நிற்கவில்லை. ஒரு சட்டையை முடித்து அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டிருந்தான்.

போனைக் கவுன்டரில் வைத்தாள். முதலாளி கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். "என்னம்மா இது? கயிறுல மிளகு ஒட்டின மாதிரி இருக்கு. கத்தரியா?"

பேக்கிங் மேசையில் கத்தரியின் சத்தம் நின்றது.

"இல்லை" என்றாள். "சிகரெட். துவைச்ச பிறகு பட்டது, சாம்பல் அப்படியே இருக்கு. நம்ம கடைக்குள்ள."

"நம்ம கடையில யாரு சிகரெட்?"

நீராவி உஸ்ஸென்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "எங்க அண்ணன்."

வக்கீலுக்குத் தீபம் ஏற்றியதுபோல முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு! அப்போ இத்தனை நாளா எங்க எல்லார் மேலயும் பழி போட்டியே, அதெல்லாம்?"

"அதுவும் உண்மைதான் சார். உங்க காலர்ல இருந்தது டைதான்."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளே போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை, பெட்டியின் சத்தம் மட்டும் நின்றது. அண்ணன் கவுன்டர் வழியாகத்தான் வெளியே போகவேண்டும் என்றில்லை, வேறு வழி இருந்தது, ஆனாலும் இந்த வழியாகவே போனான். அவளருகே வந்ததும் நின்று, "நிம்மதியா இரு" என்றான். சாபம் கொடுக்கிறவர்கள் அந்தத் தொனியில்தான் சொல்வார்கள்.

வக்கீலுக்குப் புதுக் கோட்டுக்கு முதலாளி ஏற்பாடு செய்தார். இனிமேல் கடைத் துணி எதுவும் வீட்டுக்குப் போகக் கூடாது என்றும் சொன்னார். "உன் மெஷின் எனக்கு விரோதமாவும் பேசும்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். அவள் தலையை ஆட்டினாள். கவுன்டர் அவளிடமே இருந்தது. வரிசையில் அடுத்து நின்றவரின் பேன்ட்டை வாங்கிப் புரட்டினாள்.

இஸ்திரி மேசை காலியாகக் கிடந்தது. மத்தியானத்துக்குள் அண்ணி தானாகவே போய் அங்கே நின்றாள். பேக்கிங்குக்கு வேறு ஆள் வரட்டும், இதில் கூலி அதிகம் என்று முதலாளியிடம் நேராகவே பேசி முடித்துவிட்டாள். மாலையில் முதல் சட்டைகள் கவுன்டருக்கு வந்தபோது இவள் ஒன்றைத் திருப்பி அனுப்பினாள். கையில் மடிப்பு இரட்டையாக விழுந்திருந்தது.

அண்ணி சட்டையோடு வந்து நின்றாள். "என்னைக் காப்பாத்திட்டதா நினைச்சுக்காதீங்க."

"உங்களை யாரு காப்பாத்தினா? எனக்கு உங்க மூஞ்சியே ஆகாது."

"சந்தோஷம். எனக்கும்தான்."

"கை மடிப்பைச் சரி பண்ணுங்க."

அண்ணி சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அதைச் சரியாகவும் செய்து அனுப்பினாள். இவள் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் அதை உறையில் போட்டாள்.

வீட்டில் இப்போது அண்ணன் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுவதில்லை. அவள் வந்தால் பாட்டின் சத்தம் கூடும். மைக்ராஸ்கோப்பைச் செருக அவளுக்கு ஒரு வேலையும் இல்லை, துணி எதுவும் வீட்டுக்கு வருவதில்லை; ஆனாலும் ஒருநாள் மாலை வந்ததும் வராததுமாக நேரே போய் நின்றாள்.

"எழுந்திரு."

அவன் சுவரோடு பேசுவதுபோலச் சொன்னான். "இந்த வீட்டுல யாரோ பேசற மாதிரி இருக்கு."

"வயரைப் பிடுங்கட்டுமா?"

"பிடுங்கிப் பாரு."

அவள் பிடுங்கினாள். அவன் செருகினான். மறுபடி பிடுங்கினாள். பாட்டு வந்து வந்து போனது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்த ஒற்றை ஓட்டைக்காக இரண்டு பேரும் குனிந்து நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி தன் தட்டில் மட்டும் சோறு போட்டுக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள். சாப்பிட்டு முடித்தாள். தட்டைக் கழுவி வைத்தாள்.

"அண்ணனும் தங்கச்சியும் நல்லா அடிச்சுக்கோங்க" என்றாள். "நாளைக்கு எனக்கு ஒரு மலை சட்டை இருக்கு, நான் படுக்கறேன்."

அறைக்குள் போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.